பல்வலி என்று சொல்லிப் போனேன்

எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்பது, அவர் ஏறிய விமானம் மேலே எழும்பிய பிறகுதான் அடுத்த வீட்டுக்குத் தெரியவரும். முன்கூட்டியே தெரிந்துவிட்டால் கண்ணூறு பட்டு, கையில் வந்த விசாவும் நழுவிப் போகும் என்று வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரை முழுவதும் நம்புகிறார்கள். வாவிக்கு அந்தப் பக்கம் எழுவான்கரையிலும் அப்படித்தான், காத்தான்குடியிலும் அப்படித்தான். எத்தனையோ காரியங்களில் ஆளுக்கொரு பக்கம் நிற்கிற நாங்கள் இந்த ஒன்றில் மட்டும் ஒரே கட்சி. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் கட்டாருக்குப் போய் இரண்டு கிழமையாகியும், அவருடைய மனைவி கேட்டவர்களுக்கெல்லாம் "வட்டைக்குப் போயிருக்கார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அறுவடை முடிந்து வயலில் மாடு மேய்கிற காலம் அது. வெட்டின வயலில் அந்த மனிதருக்கு அப்படி என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டவர்களும் தங்கள் வீட்டில் ஏதோ ஒன்றை மறைத்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

இந்தக் கதையைப் பல்கலைக்கழகத்தில் என் சிநேகிதிக்குச் சொன்னபோது அவள் சிரித்துச் சிரித்துப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுடைய உம்மாவோ, மூத்த மகன் சவூதிக்குப் போனதைச் சொந்தத் தங்கைக்கே ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னாராம். நாங்கள் இரண்டு பேரும் ஆங்கிலம் படித்தவர்கள் அல்லவா, இதெல்லாம் எங்களுக்குப் பகிடியாக இருந்தது.

அவள் காத்தான்குடி. அவளுடைய வாப்பா புடைவைக் கடை வைத்திருந்தார். நான் வாவிக்கு மேற்கே ஒரு கமக்காரரின் மகள். முதலாம் வருடத்தில் விரிவுரை மண்டபத்தில் ஒரே வாங்கில் இருக்க நேர்ந்ததிலிருந்து நான்கு வருடமும் நாங்கள் அந்த வாங்கை விட்டு எழும்பவில்லை. அவளுடைய ஆங்கிலம் வாயில் தானாக ஊறி வருவது. என்னுடையது அகராதியைப் புரட்டிப் புரட்டிச் சேர்த்தது. வகுப்பில் யாரையாவது எழும்பிப் பேசச் சொன்னால் விரிவுரையாளர்களின் கண் அவள் பக்கம்தான் போகும். எனக்கு அதில் பெருமை இருந்தது. கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. அதை அப்போது எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

கடைசி வருடத்தில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, படித்து முடித்ததும் வெளிநாட்டில் எங்கேயாவது போய் ஆங்கிலம் படிப்பிப்பது என்று முடிவெடுத்தோம். அவளுடைய வாப்பா அவளைத் தனியே அனுப்பமாட்டார். அதை அவள் மூடி மறைக்காமல் சொன்னாள்.

"கூட ஒரு பொம்புளப் புள்ள போனா வாப்பா யோசிப்பார். அவருக்குத் தெரிஞ்ச புள்ளயா இரிக்கோணும். அந்தப் புள்ள நீதான் கா. நீ போனாத்தான் நானும் போற."

நான் ஓம் என்றேன். அது ஒரு பெரிய வாக்குறுதி என்று எனக்குப் படவில்லை. கை கழுவுவதற்காகக் குழாயடியில் நின்றபோது சொன்னது.

பட்டம் கிடைத்த பிறகு வீட்டில் இருந்தேன். ஊருக்கு நான் அரச நியமனத்துக்குக் காத்திருக்கிற பட்டதாரி. கடைக்குப் போனால் நியமனம் வந்ததா என்பார்கள், கோயிலுக்குப் போனாலும் அதே கேள்வி. இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் புளித்துப்போனது. பகல் முழுவதும் முன்னறை ஜன்னல் மூலையில்தான் என் வாசம், கைத்தொலைபேசிக்கு அங்கேதான் சிக்னல் வரும். தாய்லாந்து, சீனா, வியட்நாம், ஓமான் என்று ஆங்கில ஆசிரியர் விளம்பரங்கள் எங்கெங்கோ இருந்து வரும். வாசித்துக்கொண்டு போனால் கடைசி வரியில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மட்டும் என்று இருக்கும். சிலர் இன்னும் விளக்கமாக, எந்தெந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கவேண்டும் என்று பட்டியலே போட்டிருப்பார்கள். என்னுடையது எந்தப் பட்டியலிலும் இல்லை. ஓர் இடத்தில் விண்ணப்பத்தோடு படத்தையும் கேட்டார்கள். அனுப்பிய அரை மணித்தியாலத்துக்குள் மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது. என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கட்டத்தில் எங்கே அனுப்பினேன், எங்கே அனுப்பவில்லை என்ற கணக்கே போய்விட்டது. அப்பா வட்டைக்குப் போய்விடுவார், அம்மா அடுப்படியில் இருப்பார். நான் அந்த மூலையில் இருந்து, முகம் தெரியாத ஆட்களுக்கு என்னைப் பற்றி நல்லதாகவே எழுதிக்கொண்டிருப்பேன். உற்சாகமானவள், பொறுமையானவள், எவரோடும் சேர்ந்து இயங்கக்கூடியவள். எழுதுகிற நாள் முழுவதும் ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டேன்.

சனிக்கிழமைகளில் மட்டும் உயிர் வரும். காத்தான்குடியில் ஒரு டியூட்டரியில் அவளும் நானும் சிறுவர்களுக்கு ஆங்கில வகுப்பு எடுத்தோம். விடிந்ததும் துறைக்கு வந்து, மோட்டார் சைக்கிள்களும் மரக்கறி மூட்டைகளும் ஏற்றிய பாதையில், அதாவது எங்கள் தட்டைப் படகில், வாவியைக் கடந்து, அக்கரையில் பஸ் பிடிப்பேன். வகுப்பு முடிந்ததும் அவளுடைய வீட்டில் தேத்தண்ணீர். அவளுடைய உம்மா எனக்கென்று சீனி குறைத்துப் போடுவார்.

முதல் சில மாதங்கள் கண்ணில் படுகிற விளம்பரங்களை ஒருவருக்கொருவர் அனுப்பினோம். வியட்நாமில் ஒரு மொழி நிலையத்துக்கு இருவரும் ஒரே நாளில், அவளுடைய வீட்டுக் கணினியில் அடுத்தடுத்து இருந்து விண்ணப்பித்தோம். அவளுக்குப் பதில் வந்தது. எனக்கு வரவில்லை. நான் இல்லாமல் அவளால் போகமுடியாது, அதனால் அவள் வேண்டாம் என்று எழுதிவிட்டாள். என்னிடம் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனாள். நானும் பரவாயில்லை என்றேன். அன்றைக்குப் பாதையில் திரும்பி வரும்போது வயிறு எரிந்தது. எனக்கு வராத ஒன்று அவளுக்கு வந்து, அதை அவள் எனக்காகத் தூக்கி எறிந்தது, வராததை விடப் பெரிய அவமானமாக இருந்தது. அந்தக் கிழமையிலிருந்து அவளுக்கு விளம்பரம் அனுப்புவதை நிறுத்தினேன். அவளும் கேட்கவில்லை.

இது அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் அம்மா தன் பங்குக்கு ஒரு நாள் சொன்னார்.

"ஒருத்தருக்கும் வாய் திறக்கப்படாது. அந்தக் காத்தான்குடிப் புள்ளைக்கும்தான். அவள் நல்ல புள்ள. ஆனா அவள் தாயிட்டச் சொல்லுவாள், தாய் இன்னொருத்திட்டச் சொல்லுவா."

நான் இந்த மூட நம்பிக்கையெல்லாம் எனக்கில்லை என்று சத்தம் போட்டேன். உள்ளுக்குள், மறைப்பதற்கு ஒரு நல்ல காரணம் கிடைத்ததில் ஆறுதலாக இருந்தது. என் கெட்ட எண்ணத்துக்கு அம்மாவின் வாயால் ஊர் வழக்கம் என்ற பெயர் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் மாலைதீவுப் பள்ளிக்கூடத்தின் மின்னஞ்சல் வந்தது. ஒரு சின்னத் தீவு, ஆரம்ப வகுப்புகளுக்கு ஆங்கில ஆசிரியர் வேண்டும், செவ்வாய்க்கிழமை காலையில் வீடியோவில் பேசலாமா என்று கேட்டிருந்தார்கள். அந்தப் பள்ளிக்கு நான் எப்போது விண்ணப்பித்தேன் என்று ஞாபகம் வரவில்லை. எத்தனையோ இடத்துக்கு அனுப்பியதில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அம்மா சேவலைப் பிடித்துக் கூடையால் மூடி, மேலே அம்மிக்குழவியை வைத்தார். கேற்றைப் பூட்டினார். பக்கத்து வீட்டுக்கு, மகளுக்குத் தலையிடி என்று சொல்லியாகிவிட்டது. நான் ஜன்னல் மூலையில் கதிரையைப் போட்டு, பின்னால் ஒரு வெளிர் நிறச் சேலையைச் சுவரில் கட்டிவிட்டு இருந்தேன். பள்ளி அதிபர் ஒரு பெண். தலையை மூடிய, நிதானமாகப் பேசுகிற மனுசி. ஐந்து நிமிடம் பாடம் எடுத்துக் காட்டச் சொன்னார். தோணியிலிருந்து பாதை வரைக்கும் நீரில் ஓடுகிறவற்றைப் படம் கீறிக் காட்டி, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல் சொல்லிக்கொடுத்தேன். அவர் சிரித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

முடிகிற நேரத்தில் அவர் சொன்னார், எங்களுக்கு உண்மையில் இரண்டு ஆசிரியர்கள் தேவை. தங்குமிடமும் இரண்டு அறை உள்ள வீடு. தனியே வருகிறவர்கள் தீவில் நின்றுபிடிப்பது கஷ்டம். உங்களோடு படித்தவர்களில், உங்களோடு வரக்கூடிய சிநேகிதி யாராவது இருக்கிறார்களா?

வாசற்படியில் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. என்ன கேட்கப்பட்டது என்றும் தெரியாது. ஆகவே அம்மா மீது பழி போட எனக்கு வழியில்லை. அந்தக் கணத்தில் என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று. இவர் அவளோடு பேசினால் அவளுடைய ஆங்கிலத்தைக் கேட்பார். கேட்ட பிறகு என்னைத் திரும்பிப் பார்க்கமாட்டார்.

இல்லை என்றேன்.

"ஒருவரும் இல்லையா?" என்று அவர் மேசையில் இருந்த எதையோ பார்த்தபடி மறுபடி கேட்டார். என் சுயவிபரத்தைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். இல்லை, எனக்கு அப்படி ஒருவரும் இல்லை என்று இன்னும் தெளிவாகச் சொன்னேன். என் ஆங்கிலம் அவ்வளவு தடங்கல் இல்லாமல் வந்த நாள் அது.

ஒரு கிழமையில் வேலை உறுதியானது. அம்மா மறுபடி கேற்றைப் பூட்டிவிட்டு வந்து அழுதார்.

பட்டச் சான்றிதழை அத்தாட்சிப்படுத்த, பொலிஸ் அறிக்கை எடுக்க, மருத்துவப் பரிசோதனைக்கு என்று மூன்று தடவை கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது. காரணம் கேட்டவர்களுக்குப் பல்வலி என்று சொன்னோம். கொழும்பில் ஒரு பெரிய டொக்டரிடம் காட்டுவதாக அம்மா சொல்லிவைத்தார். ஊருக்கு என் மேல் அவ்வளவு அன்பு இருந்தது அப்போதுதான் தெரியவந்தது. ஒருவர் பல்லில் வைக்கக் கராம்பு கொண்டுவந்து தந்தார். இன்னொருவர் கொய்யாக் கொழுந்து. துறையில் பாதைக்காரர், தன் மருமகனுக்கு இப்படித்தான் தொடங்கியது என்று அக்கரை சேரும் வரைக்கும் ஒரு பயங்கரக் கதை சொன்னார். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

சிநேகிதிக்கும் அதே பல்வலிதான். இரண்டு சனிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. மூன்றாவது சனிக்கிழமை அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காத்தான்குடியிலேயே நல்ல பல் டொக்டர் இருக்கிறாரே, இதற்காக ஏன் கொழும்பு வரைக்கும் அலைகிறாய் என்று கேட்டாள். வேர் பழுதாகிவிட்டது, இங்கே செய்யமாட்டார்களாம் என்றேன். அவள் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, தலையை நிமிர்த்தாமல், "வேற ஒண்டும் இல்லயே கா?" என்றாள். வேறென்ன, ஒன்றுமில்லை என்றேன்.

நான் புறப்படுவதற்கு முன்னால் வந்த கடைசிச் சனிக்கிழமையும் வழக்கம்போலத்தான் நடந்தது. கடைசி என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். விமானம் ஏறியதும் முதல் செய்தி அவளுக்குத்தான் என்று மனதைத் தேற்றி வைத்திருந்தேன். வழமையாக அவள் படலையடியில் நின்று கை காட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். அன்று தெருமுனை வரைக்கும் கூட வந்தாள். பஸ் வரும் வரைக்கும் நின்றாள். வெயில் கொளுத்தியது, போய்விடு என்று இரண்டு தடவை சொன்னேன். பஸ் வந்து நான் மிதிபலகையில் கால் வைத்தபோது என் தோள்பையின் வாரைச் சரிசெய்துவிட்டாள்.

"பல்லக் கவனமாப் பாத்துக்க கா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

மாலேயில் இறங்கியதும் அவளுக்கு வட்ஸ்அப்பில் எழுதினேன். திடீரென்று சரிவந்தது, அம்மா சொல்லவிடவில்லை, கோபிக்காதே என்று ஒரு முழு நீளக் கடிதம். அவள் இரண்டு வரி அனுப்பினாள். சந்தோசம், அல்லாஹ் உன்னைக் காப்பாத்தட்டும். நன்றாகச் சாப்பிடு. கோபம் ஒன்றும் இல்லை என்று நினைத்து நிம்மதியாகிவிட்டேன். மனிதன் தனக்கு வேண்டியதை எப்படியோ வாசித்துக்கொள்கிறான்.

தீவைச் சுற்றி நடக்க இருபத்தைந்து நிமிடம் போதும். முதல் கிழமை நான்கு தடவை சுற்றினேன், பிறகு சுற்றவில்லை. நல்ல சனங்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் என்னை விட வேகமாகப் பேசினார்கள். பள்ளி விட்டதும் அவர்கள் வீடுகளுக்குப் போய்விடுவார்கள், ஆசிரியைகளும் தங்கள் குடும்பங்களுக்குப் போய்விடுவார்கள். நான் இரண்டு அறை உள்ள வீட்டுக்குப் போவேன். மற்ற அறையில் ஒரு கட்டில் கிடந்தது, அதன் மெத்தையில் கடையிலிருந்து வந்த பொலித்தீன் உறைகூடக் கழற்றப்படவில்லை. ஜன்னலால் காற்று வரும்போது அந்த உறை சரசரக்கும். ஆள் திரும்பிப் படுப்பது போலக் கேட்கும். முதலில் பயந்தேன். போகப் போக அந்தச் சத்தத்துக்காகவே இடையில் கதவைத் திறந்துவைத்தேன்.

எங்கள் வாவியில் எந்தக் கரையில் நின்றாலும் மற்றக் கரை தெரியும். அங்கே ஆள் நடமாடுவது தெரியும், உடுப்புத் தோய்க்கிறது தெரியும். தீவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றும் இல்லாத கடல். நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருந்தேன். அழுகை வரவில்லை, வாய்தான் மறந்து போனது. பின்னேரங்களில் தமிழில் ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல், தேங்காய் துருவும்போது துருவலையிடம் பேசியிருக்கிறேன். அம்மாவோடு தொலைபேசியில் பேசினால், சாப்பிட்டியா, கதவைப் பூட்டினியா என்ற இரண்டு கேள்வியோடு முடிந்துவிடும். அம்மாவுக்கு என் வேலை விளங்காது. விளங்கக்கூடிய ஒரே ஆளிடம் நான் பிள்ளைகளின் படங்களை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன். அவள் பெருவிரலை உயர்த்திக் காட்டுவாள்.

மூன்றாம் மாதம், பள்ளியில் ஒரு விளையாட்டு நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அதிபர் என் பக்கத்தில் வந்து, உங்கள் சிநேகிதி எப்படி இருக்கிறார் என்று கேட்டார். எந்தச் சிநேகிதி என்றேன்.

"உங்கள் பெயரை எங்களுக்குத் தந்தவர்தான்" என்றார்.

கதிரையை வைத்துவிட்டு நின்றேன். அவர் எந்த உள்நோக்கமும் இல்லாமல், பழைய கதை சொல்வது போலச் சொன்னார். முதலில் தேர்வானது அவள்தானாம். அவள் விண்ணப்பித்து, நேர்முகத்தில் எல்லோருக்கும் பிடித்துப்போய், நியமனக் கடிதம் தயாராகிற நேரத்தில் ஒரு நிபந்தனை எழுதியிருந்தாள். தன் சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள், தன்னை விடப் பொறுமையாகப் படிப்பிப்பாள், அவளும் வந்தால்தான் வீட்டில் தன்னை அனுப்புவார்கள். என் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்திருந்தாள். எல்லாம் சரிவரும் வரைக்கும் தான் எழுதியதாக என்னிடம் சொல்லவேண்டாம், எங்கள் ஊர் வழக்கம் அப்படி என்றும் எழுதியிருந்தாளாம். அதைச் சொல்லும்போது அதிபர் சிரித்தார். அந்த வழக்கம் அவருக்குப் புதினமாக இருந்திருக்கிறது.

"நீங்கள் ஒருவரும் இல்லை என்று சொன்னபோது எங்களுக்குக் குழப்பமாகிவிட்டது. உங்கள் இருவருக்கும் ஏதும் மனஸ்தாபமோ என்று நினைத்தோம். அவருக்கு எழுதிக் கேட்டோம். அப்படியென்றால் என்னை விட்டுவிடுங்கள், அந்த இடத்தை அவளுக்கே கொடுங்கள் என்று பதில் வந்தது."

அவர் போய்விட்டார். நான் மிச்சக் கதிரைகளை அடுக்கினேன். எல்லாவற்றையும் அடுக்கி முடித்த பிறகும் அங்கேயே நின்றேன்.

அவளுக்கு எல்லாம் தெரியும். பல் டொக்டரைப் பற்றிக் கேட்டபோதே தெரியும். வேற ஒண்டும் இல்லயே என்று கேட்டது, நான் சொல்வதற்கு ஒரு வழி விட்டுப் பார்த்தது. பஸ் வரும் வரைக்கும் வெயிலில் நின்றதும் அதற்குத்தான். பல்லைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னவள் எவ்வளவு தூரம் தெரிந்துகொண்டு சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய், அந்த மெத்தையின் பொலித்தீன் உறையைக் கழற்றி மடித்துவைத்தேன். ஏன் கழற்றினேன் என்று எனக்குத் தெரியாது. வெட்கம் உடம்பு முழுவதும் காய்ச்சல் மாதிரி ஏறியிருந்தது. பிறகு அந்த அறையில் சத்தமும் இல்லை.

அவளுக்கு எத்தனை தடவை எழுதினேன், எத்தனை தடவை அழித்தேன். எழுதினால் மன்னிப்பு என்ற சொல் பாடப் புத்தகத்தில் வருவது போல வந்து நின்றது. பெருநாளுக்கு வாழ்த்து அனுப்பினேன். அவள் திருப்பி அனுப்பினாள். நேரில் போய் அவள் முன்னால் இருந்து சொல்லவேண்டும் என்று முடிவெடுத்தேன். மற்ற இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது. அதிபரிடம் போய்க் கேட்டேன். அவள் வருவதென்றால் இப்போதும் எடுப்போம் என்றார். விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் அவளிடம் போவேன், அவளுடைய வாப்பாவிடம் நானே கேட்பேன், கையோடு கூட்டிவருவேன். மிச்ச மாதங்களை இந்த எண்ணத்தில்தான் ஓட்டினேன். வகுப்பில் நல்லதாக ஏதும் நடந்தால், இதை அவளுக்கு அந்த அறையில் வைத்துச் சொல்லவேண்டும் என்று சேர்த்துவைப்பேன்.

விடுமுறை வந்தது. ஊருக்கு வந்த மறுநாளே காலையில் துறைக்குப் போனேன். பாதைக்காரர் பல் எப்படி என்று கேட்டார். சுகமாகிவிட்டது என்றேன். நான் எங்கே இருந்து வருகிறேன் என்று அவருக்கும் இப்போது தெரியும், இருந்தாலும் பல்லைத்தான் கேட்டார். வாவி அசைவில்லாமல் கிடந்தது. அக்கரை வரும் வரைக்கும் சொல்லவேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். முதல் வசனம், நான் இல்லை என்று சொன்னேன். இரண்டாவது வசனம், ஏன் என்றும் சொல்லுகிறேன்.

அவளுடைய வீட்டுப் படலையைத் தட்டியபோது உம்மாதான் திறந்தார். என்னைக் கட்டிப்பிடித்து, கறுத்துப்போனாய் என்றார். உள்ளே கூட்டிக்கொண்டு போய் இருத்தி, கேளாமலே தேத்தண்ணீர் வைக்கப் போனார். நான் கொண்டுவந்த இனிப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய அறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு சாத்தியிருந்தது. குளிக்கிறாள் என்று நினைத்தேன்.

தேத்தண்ணீரைக் கையில் தந்துவிட்டு உம்மா என் பக்கத்தில் இருந்தார். குரலைத் தாழ்த்தினார். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை, இருந்தாலும் தாழ்த்தினார்.

"புள்ள போய் ஒம்பது நாளாகுது. மாலைதீவுக்குத்தான். அவட சாச்சிட மகளுக்கும் அங்கயே வேல கிடைச்ச, ரெண்டு பேரும் ஒண்டாப் போனதால வாப்பா ஓமெண்டுட்டார். ஒருத்தருக்கும் செல்லல்ல. கண்ணூறு பொல்லாத புள்ள, உனக்குத் தெரியுந்தானே."

தெரியும் என்றேன். எந்தத் தீவு என்று கேட்டேன். உம்மாவுக்குப் பெயர் வாயில் வரவில்லை. பெரிய இடமில்லையாம், மாலேயிலிருந்து இன்னொரு சின்ன விமானத்தில் போகவேண்டுமாம். என் தீவுக்குப் படகில்தான் போவோம். ஆகவே என் தீவு இல்லை. நான் வெளிக்கிட்டு வந்த அதே மாலே விமான நிலையத்தில், ஒன்பது நாட்களுக்கு முன் அவள் இறங்கியிருக்கிறாள். ஊரார் எல்லோருக்கும் எப்படித் தெரியவருமோ, எனக்கும் அப்படித்தான் தெரியவந்தது. விமானம் போன பிறகு.

தேத்தண்ணீரில் சீனி குறைவாகத்தான் இருந்தது. உம்மா அதை மறக்கவில்லை.

"நீயும் அங்கதானே இரிக்கிற. கண்டா என்ட புள்ளய ஒருக்காப் பாத்துக்க மகள்" என்றார்.

ஓம் உம்மா என்றேன். குழாயடியில் சொன்ன அதே ஓம். சொல்ல வந்த இரண்டு வசனமும் என்னோடேயே இருந்தன. இந்த மனுசியிடம் அவற்றைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, அவருக்கு நான் இன்னும் மகளோடு ஒரே வாங்கில் இருந்தவள். இனிப்புப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு எழும்பினேன். உம்மா படலை வரைக்கும் வந்தார். தெருவைப் பார்த்து யாரும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, திரும்ப எப்போது போகிறாய் என்று கேட்டார். மகளுக்கு ஏதும் கொடுத்துவிட நினைத்திருப்பார்.

"இன்னும் தெரியா உம்மா" என்றேன்.

யோசிக்காமல் வந்த பதில் அது. தெருமுனையில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான், அடுத்த செவ்வாய்க்கிழமைக்கான டிக்கெட் தோள்பைக்குள் இருப்பது நினைவுக்கு வந்தது.